சுவருக்கும் மாமரத்துக்கும் நடுவே ஆனக்கூவ: கிழங்கு அழுகுது, இலை ஓரம் கருகுது

சேலையூர் நிழல்

வணக்கம். சென்னை சேலையூரில் எங்கள் வீட்டின் வடக்குப் பக்கம், காம்பவுண்ட் சுவருக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் 14 அடி நீளம், மூன்றரை அடி அகலத்தில் ஒரு சந்து இருக்கிறது. பக்கத்து வீட்டு மாமரம் மேலே கவிந்து நிற்கிறது. காலை 7 முதல் 9 வரை சாய்வெயில், அப்புறம் நாள் முழுக்க இலை இடுக்கில் விழும் பொட்டு வெயில்தான். மண் களி. மழை பெய்தால் இரண்டு நாள் சொதசொதவென்று கிடக்கும். சித்திரையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். குரோட்டன்ஸ், மணி பிளான்ட் வகையறா வேண்டாம். இந்த மண்ணுக்கே உரிய செடியாக, வருஷா வருஷம் தானே துளிர்த்துப் பூப்பதாக ஒன்று வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் வாய்க்கால் ஓரத்திலும் ரப்பர் தோட்ட வேலியிலும் நிற்குமே ஆனக்கூவ, சிவப்புக் கூம்பிலிருந்து கசங்கிய வெள்ளைத் துணிபோலப் பூ விடுவது, அதைத் தேர்ந்தெடுத்தேன். இணையத்தில் இரண்டு கிழங்கு வாங்கிப் பங்குனிக் கடைசியில் நட்டேன். 'ஈரம் விரும்பும்' என்று எல்லா இடத்திலும் எழுதியிருந்ததால் தினமும் இரண்டு வேளை தண்ணீர். ஒரு கிழங்கு முளைக்கவே இல்லை, தோண்டினால் கூழாகி நாறியது. இன்னொன்று முளைத்து இப்போது ஒரு சாண் உயரம். அடி இலைகளின் நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகுகின்றன. போர் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 1350. இரண்டு ஏசியின் தண்ணீர்க் குழாயும் இந்தச் சந்தில்தான் சொட்டுகின்றன.

இந்த இடத்தில் இது வருமா? வரும் என்றால் முதலிலிருந்து எப்படிச் செய்வது? விற்றவர் பையில் 'கோஷ்டம்' என்று எழுதியிருந்தார், அதுவும் சரியா என்று தெரியவில்லை.

குலசேகரம் வாய்க்கால்

இடம் நல்ல இடம். செய்த முறைதான் தப்பு. ஆனால் மண்ணைத் தொடும் முன் செடி எது என்று உறுதி செய்யுங்கள், ஏனென்றால் இந்தப் பெயரில் மூன்று வேறு பொருள்கள் விற்கின்றன.

நீங்கள் கேட்பது, அறிவியல் பெயரில் ஹெல்லேனியா ஸ்பெசியோசா. பழைய புத்தகங்களில் காஸ்டஸ் ஸ்பெசியோசஸ் என்றும், 2006-க்குப் பிறகு சில காலம் கைலோகாஸ்டஸ் என்றும் இருக்கும், மூன்றும் ஒன்றே. தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்த கோனிக் 1783-இல் இதற்கு அறிவியல் பெயரிட்டு விவரித்து எழுதினார். மலையாளத்தில் சன்னக்கூவ, ஆனக்கூவ. இந்தியா, இலங்கை முதல் தென்கிழக்கு ஆசியா வரை இயற்கையாகவே உள்ளது.

நாட்டு மருந்துக் கடையில் கோஷ்டம் என்று கேட்டால் தருவது இமயமலையில், காஷ்மீர்ப் பக்கம் விளையும் வேறொரு செடியின் காய்ந்த வேர். சூரியகாந்திக் குடும்பம். அதை நட்டு எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் ஒன்றும் வராது. மூன்றாவது, நர்சரிகளில் விற்கும் 'இன்சுலின் செடி'. அதிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வகை உண்டு: இரண்டடி உயரத்தில் ஆரஞ்சுப் பூ விடுவது பிரேசில் பக்கத்துச் செடி, மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட பூ விடுவது மெக்சிகோ பக்கத்துச் செடி. இரண்டும் நம் ஊர்ச் செடி இல்லை.

பூ வரும்வரை காத்திருக்காமல் கண்டுபிடிக்க: இலையைத் திருப்பி அடிப்பக்கம் தடவுங்கள். ஆனக்கூவ என்றால் பூனைக்குட்டி காதுபோல மெத்தென்று பட்டு மயிர் இருக்கும். இலைகள் தண்டைச் சுற்றி ஒரே புரியாக, சுழல் படிக்கட்டு மாதிரி ஏறும். இஞ்சி, மஞ்சளில் இலைகள் எதிரெதிராக இரண்டு வரிசையில் நிற்கும், கசக்கினால் மணக்கும். ஆனக்கூவ இலை மணக்காது. நன்றாக வளர்ந்தால் ஐந்து முதல் எட்டு அடி போகும். ஒரு சாண் செடியிலேயே இலைப் புரியும் அடிமயிரும் தெரிந்துவிடும், பார்த்துச் சொல்லுங்கள்.

வெளிச்சம்: காலை இரண்டு மணி நேரச் சாய்வெயிலும் பிறகு பொட்டு வெயிலும் போதும். உச்சிப் பொழுதில் தரைக்கு ஒரு முழம் மேலே கையை நீட்டிப் பாருங்கள். கையின் நிழல் மங்கலாகவாவது விழுந்தால் செடி பூக்கும். நிழலே விழவில்லை என்றால் இலை மட்டும் பச்சையாக வரும், தண்டு வெளிச்சம் தேடிச் சந்தின் வாயைப் பார்த்துச் சாயும், கூம்பு வராது. அப்படியானால் மாமரத்தில் தாழ்ந்த இரண்டு கிளையைக் கழிக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டில் பேச வேண்டியதுதான். உரம் போட்டுச் சரிசெய்ய முடியாது.

இனி மண். உங்கள் சந்தில் இரண்டு எதிரிகள். ஒன்று களி. இன்னொன்றை நீங்கள் சொல்லவில்லை, மாமர வேர். மேல் மண்ணில் படரும் நார்வேர்கள் நீங்கள் ஊற்றும் தண்ணீரையும் எருவையும் முதலில் குடித்துவிடும். அதனால் வெறும் குழி வெட்டி நடாதீர்கள். பாதி தரைக்குள், பாதி தரைக்கு மேல் என்று ஒரு பாத்தி கட்டுங்கள்.

அளவு: நீளம் 6 அடி, அகலம் 2 அடி, காம்பவுண்ட் சுவர் பக்கமாக. வீட்டுச் சுவர் பக்கம் ஒன்றரை அடி நடைபாதையாக விட்டுவிடுங்கள், அஸ்திவாரம் நனையக் கூடாது. ஒரு அடி ஆழம் வெட்டி, தரைக்கு மேல் அரை அடிக்குச் செங்கல் அடுக்குங்கள்; சிமென்ட் பூச வேண்டாம். குழியின் அடியிலும் பக்கங்களிலும் சில்பாலின் (கெட்டி பிளாஸ்டிக்) ஷீட்டை விரித்து, விளிம்பிலிருந்து மூன்று அங்குலம் கீழேயே நிறுத்துங்கள். அடியில் அடிக்கு ஒரு ஓட்டை, சுண்டுவிரல் பருமனில், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் போட்டுவிடுங்கள். ஓட்டையே இல்லாமல் விட்டால் ஐப்பசி மழையில் பாத்தி தொட்டியாகி, கிழங்கு மறுபடி கூழ்தான். ஷீட்டே போடாவிட்டால் ஒரே வருஷத்தில் மாமர வேர் உள்ளே வந்து பாய் பின்னிவிடும். ஷீட்டின் மேல் இரண்டு அங்குலத்துக்கு ஓட்டுச் சில்லு அல்லது முக்கால் அங்குல ஜல்லி.

மேலே நிரப்ப, 20 லிட்டர் வாளிக் கணக்கில்: தோண்டிய மண் 8 வாளி, நன்றாக மக்கிய இலையெருவும் சாணியெருவும் கலந்து 8 வாளி, ஆற்று மணல் அல்லது கழுவிய எம்-சாண்ட் 4 வாளி, தென்னை நார்க்கழிவு 4 வாளி, வேப்பம்புண்ணாக்கு ஒரு கிலோ. நார்க்கழிவு ஐந்து கிலோ கட்டி ஒன்று ஊறினால் ஏறக்குறைய நாலு வாளி வரும். அதை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துதான் போட வேண்டும், உள்ளே உப்பு இருக்கும். உங்கள் தண்ணீரில் ஏற்கெனவே இருப்பது போதும்.

சுவரை ஒட்டித் தோண்டும்போது பழைய காரைத்துண்டு, சுண்ணாம்பு, சிமென்ட் கட்டி வரும். ஒன்று விடாமல் பொறுக்கி வெளியே போடுங்கள். மண்ணில் ஒரு கரண்டி வினிகர் விட்டால் நுரைக்கிறதா பாருங்கள். பொங்கி நுரைத்தால் அந்த மண்ணைச் சேர்க்காமல் வெளியே இருந்து செம்மண் வாங்குங்கள்.

இந்த இடத்துக்கு மூன்று செடி போதும், இரண்டடி இடைவெளியில். நான்காவது வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள்.

வளவுக்காரி

இது எங்கட இலங்கைப் பக்கத்தில தெபு. சிங்களப் பேர்தான், தமிழ் ஆக்களும் அப்படியே சொல்லுவினம். ஈரவலயத்தில, காலி, இரத்தினபுரிப் பக்கம், ஓடைக்கரையிலயும் வேலி ஓரத்திலயும் தானாவே நிக்கும். இளம் இலையை மெல்லிசா அரிஞ்சு, தேங்காய்ப்பூ, வெங்காயம், தேசிக்காய்ப் புளி போட்டுச் சம்பல் செய்யிறது வழக்கம். சந்தையில இலைக்கட்டாவும் விக்கும்.

ஓடைக்கரையில நிக்குது எண்டுதான் எல்லாரும் தண்ணிக்குள்ள நிக்குற செடி எண்டு நினைக்கினம். வடிவாப் பாருங்கோ, அது நிக்கிறது கரைச் சரிவில. வேருக்குக் கீழ ஈரம் ஓடும், கிழங்கைச் சுத்திக் காத்தும் ஓடும். தாமரை மாதிரி சேத்துக்குள்ள நிக்காது. வெறும் நிலத்தில நடுறவையெண்டாலும் பள்ளத்தில வையாமல் மேட்டில வையுங்கோ.

கிழங்கு வாங்கிக் காசைக் கரைக்கத் தேவையில்லை. ஒரு முத்தின தண்டு கிடைச்சால் காணும். பூத்து முடிஞ்ச தண்டை ஆறு அங்குலத் துண்டா, ஒவ்வொண்டிலயும் ரெண்டு மூண்டு கணு வாற மாதிரி வெட்டி, இலையைக் களைஞ்சு, வெட்டுவாய் காய ஒரு நாள் நிழலில வையுங்கோ. பிறகு அரைவாசி மணல், அரைவாசி தும்புத்தூள் கலந்த தட்டில படுக்க வையுங்கோ. நிமித்தி ஊண்டக் கூடாது, ஊண்டினால் அடி அழுகிப்போம். துண்டின்ர முதுகு வெளியில தெரியிற அளவுக்குத்தான் புதைக்க வேணும். நாலு, ஆறு கிழமையில கணுவில இருந்து குருத்து வரும். நாலு இலை வந்த பிறகு பிரிச்சு நடலாம். தண்டில இருந்து வந்த கண்டு பெரும்பாலும் அடுத்த வருசம்தான் பூக்கும், அதுக்கு அவசரப்படக் கூடாது.

யாழ்ப்பாணத்தில எங்கட கிணத்துத் தண்ணியும் சுண்ணாம்புத் தண்ணிதான். கிணத்தடியில, வாழைக்குப் பக்கத்தில வைச்சால் வரும். ஆனா மழைத்தண்ணி சேர்த்து வைச்சு இடைக்கிடை குடுத்தால்தான் இலை வடிவா இருக்கும்.

பசுமை67

அருமையான செடி. சர்க்கரைக்குத் தினமும் காலையில் ஒரு இலை மென்றால் மாத்திரையே தேவையில்லை. தண்ணீர் விஷயத்தில் பயப்படாதீர்கள், ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைத் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது. பாத்தியில் வல்லாரையும் கலந்து வையுங்கள், தரை மூடிக்கொள்ளும்.

குலசேகரம் வாய்க்கால்

பசுமை சார், மூன்றுமே ஆபத்து. இலை மென்று மாத்திரையை நிறுத்துகிற வேலை வேண்டாம்; அதை டாக்டரிடம்தான் பேச வேண்டும். அதுவும் 'தினம் ஒரு இலை' என்று பரவியது இன்சுலின் செடி விஷயத்தில், இது அந்தச் செடியே இல்லை. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் என்பது போர் தண்ணீரிலிருந்த உப்பு முழுக்கத் திரண்டு வெளியேறுவது. 1350-ஐவிடக் கூடுதலாக இருக்கும், ஏற்கெனவே ஓரம் கருகும் செடிக்கு அது ஆகாது. வாஷிங் மெஷின் தண்ணீரும் வேண்டாம். வல்லாரையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

வேர்முடிச்சு

இலை ஓரக் கருகலும் கிழங்கு அழுகலும் இரண்டு தனித்தனி நோவு. ஒன்றாக வைத்துப் பார்த்தால் மருந்து தப்பும்.

முதலில் இலை. நுனியும் ஓரமும் மட்டும் மொறுமொறுவென்று பழுப்பாகி, பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு இருந்து, அடி இலையில் முதலில் வந்தால் அது உப்பு. வெயில் பட்டுக் கருகினால் ஓரத்தில் வராது. வெயில் பார்த்த இலையின் நடுவில் வெளுத்த காகிதம்போலத் திட்டு விழும். இலை மொத்தமாக மஞ்சளாகி, மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால் வேர் மூச்சு முட்டுகிறது. குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் சுண்ணாம்பு மண்ணில் இரும்பு எட்டவில்லை. அதற்கு லிட்டருக்கு ஐந்து கிராம் ஃபெரஸ் சல்பேட், ஒரு கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து மாலையில் இலையில் தெளிக்கலாம், பத்து நாள் விட்டு மறுமுறை. சுவரில் பட்டால் துருக்கறை போகாது, அட்டை வைத்து மறைத்துத் தெளியுங்கள்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது உப்பு. கருகிய பகுதி திரும்பப் பச்சையாகாது, புதிய இலை சுத்தமாக வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அழுகல்: முளைக்காத கிழங்குக்கு வேர் கிடையாது, தண்ணீர் குடிக்க வழியில்லை. களியில் இரண்டு வேளை ஊற்றினால் மண்ணின் காற்று முழுக்க வெளியேறி, இஞ்சியிலும் மஞ்சளிலும் வரும் அதே மாதிரியான மெது அழுகல் பிடிக்கும். அந்தக் குழி மண்ணைப் புதுப் பாத்தியில் கலக்காதீர்கள்.

புதுக் கிழங்கு வந்தால் கத்தியால் ஓரமாகச் சீவிப் பாருங்கள். உள்ளே வெளிர் நிறமாகக் கெட்டியாக இருக்க வேண்டும். பழுப்பு வளையமோ கண்ணாடிபோல நீர்கோத்த திட்டோ தெரிந்தால் நல்ல சதை வரும்வரை வெட்டித் தள்ளுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து. பிறகு லிட்டருக்கு மூன்று கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி நடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து வேண்டாம் என்றால் டிரைக்கோடெர்மா, அழுகல் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை. ஐந்து கிலோ மக்கிய எருவில் 50 கிராம் கலந்து, ஈரச் சாக்கு போர்த்தி நிழலில் பத்து நாள் வைத்துப் பிறகு நடும் குழியில் போடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் தாமிரம் டிரைக்கோடெர்மாவை முடக்கிவிடலாம். பதினைந்து நாளாவது இடைவெளி வேண்டும். 'இரண்டையும் போட்டேன், இரட்டைப் பாதுகாப்பு' என்று பலர் செய்வது வீண்.

சேலையூர் நிழல்

எல்லாருக்கும் நன்றி. இலையைத் திருப்பிப் பார்த்தேன், மெத்தென்று மயிர் இருக்கிறது, இலைகள் ஒரே புரியாகத்தான் ஏறுகின்றன. அப்போ ஆனக்கூவதான். மண்ணில் வினிகர் விட்டேன். சுவரிலிருந்து ஒரு அடிக்குள் எடுத்த மண் நன்றாக நுரைக்கிறது, அதற்கு அப்பால் எடுத்தது அமைதியாக இருக்கிறது. ஏசி தண்ணீரை நேராகப் பாத்தியில் விடலாமா? இருக்கிற செடியை இப்போதே பிடுங்கி நடலாமா, ஆனி பிறந்துவிட்டதே? கிழங்கை எத்தனை ஆழத்தில் வைப்பது?

குலசேகரம் வாய்க்கால்

ஆனி, ஆடிதான் சரியான நேரம். ஆவணிக்குள் நட்டு முடித்துவிட்டால் வடகிழக்கு மழைக்கு முன் வேர் ஓடிவிடும். ஐப்பசியில் புதுக் கிழங்கு நட்டால் சென்னை மழையில் தப்பாது. எங்கள் கன்னியாகுமரிப் பக்கம் இடவப்பாதிக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, முன்னாலேயே, கோடை மழையோடு நட்டுவிடுவோம். அந்தக் கணக்கு உங்களுக்கு ஒத்துவராது.

இருக்கிற செடியை வேர்மண் உடையாமல், சுற்றி அரை அடி விட்டு, மண்வெட்டியை நேராக இறக்கிப் பெயர்த்தெடுங்கள். மாலையில் செய்யுங்கள். முன்பிருந்த அதே மட்டத்தில் நடுங்கள். புதுக் கிழங்கு என்றால் இரண்டு மூன்று அங்குல நீளமும் குறைந்தது இரண்டு கண்ணும் இருக்க வேண்டும். கண் மேலே பார்க்க, கிழங்குக்கு மேல் இரண்டு அங்குல மண். அதற்கு மேல் மூடினால் முளை வெளியே வருவதற்குள் களைத்துவிடும்.

நட்ட அன்றைக்கு ஒருமுறை பாத்தி முழுக்க நனையத் தண்ணீர். அதன் பிறகு முளை தரைக்கு மேல் தெரியும்வரை ஈரம் காயாமல் தெளிப்பதோடு சரி. ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்குங்கள். உருண்டை நின்று, விரலால் தட்டினால் உதிர்ந்தால் போதுமான ஈரம். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் அதிகம், இரண்டு நாள் ஊற்றாதீர்கள். மூன்று நாலு இலை வந்தபிறகுதான் இது தாகமான செடி.

ஏசி தண்ணீர் உங்களுக்குக் கிடைத்த யோகம். அதில் உப்பு கிடையாது. ஒரு டன் ஏசி சென்னைப் புழுக்கத்தில் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் கக்கும். ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் எட்டு முதல் பதினைந்து லிட்டர். ஆறுக்கு இரண்டு அடி பாத்தி, நிழலில், கோடையில் ஒரு நாளைக்குக் கேட்பது எட்டு, பத்து லிட்டர்தான். மழை இல்லாத மாசங்களில்தான் ஏசியும் ஓடும் என்பதால் கணக்கு தானே நேராகிவிடுகிறது. ஒரு ஏசி பாத்திக்கு, இன்னொன்று வாளிக்கு.

ஆனால் குழாய் வாயைச் செடியின் அடியில் வைக்காதீர்கள். ஒரே புள்ளியில் ராத்திரி முழுக்கச் சொட்டினால் அந்த இடம் சதுப்பாகி, அந்தக் கிழங்கு மட்டும் அழுகும். அரை அங்குல ஓஸில் முக்கால் அடிக்கு ஒரு சிறு துளை போட்டு, பாத்தியின் ஓரமாக, சருகு மூடாக்குக்கு அடியில் நீளவாக்கில் ஓட்டுங்கள். ஏசியிலிருந்து சரிவு தொடர்ச்சியாக இருக்கட்டும். நடுவில் தொங்கினால் அங்கே தண்ணீர் நின்று கொசு. மெக்கானிக் வந்து காயிலைக் கெமிக்கல் போட்டுக் கழுவும் அன்றைக்கு ஓஸை வெளியே எடுத்துப்போட்டு, இரண்டு நாள் கழித்து மாட்டுங்கள். மறக்கக்கூடிய வேலை இது.

ஏசி ஓடாத மாசங்களில் வாளியில் பிடித்த தண்ணீரோ மழைத்தண்ணீரோ ஒரு பங்கு, போர் தண்ணீர் ஒரு பங்கு கலந்து ஊற்றலாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சுத்தத் தண்ணீர் மட்டும் முப்பது லிட்டர் ஒரே மூச்சில் விட்டால் தங்கிய உப்பு அடி ஓட்டை வழியே இறங்கிவிடும். ஷீட்டில் ஓட்டை போடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாவிலைச் சருகு உங்களிடம் ஏராளம். அப்படியே போட்டால் தோல்போலப் படிந்து தண்ணீரை உள்ளே விடாமல் வழியவிட்டுவிடும். காலால் மிதித்து நொறுக்கி இரண்டு அங்குலம் போடுங்கள், தண்டின் அடியைச் சுற்றி நாலு விரல் இடம் விட்டு. உரம் என்று பெரிதாக வேண்டாம். ஆடி முதல் ஐப்பசி வரை மாதம் ஒருமுறை செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம். யூரியா போட்டால் தண்டு சதசதவென்று வளர்ந்து காற்றில் மடியும், பூ தள்ளிப்போகும். அடுப்புச் சாம்பலும் வேண்டாம், சுவரோரச் சுண்ணாம்போடு சேர்ந்து மண்ணை இன்னும் காரமாக்கும்.

வேர்முடிச்சு

ஒன்று விட்டுப்போனது. நத்தை. ஈரமும் நிழலும் சருகும் சேர்ந்த இடம் ஆப்பிரிக்கப் பெரு நத்தைக்கு மாமியார் வீடு. தரையிலிருந்து ஈட்டிமாதிரி வரும் குருத்தை ஒரே ராத்திரியில் மொட்டையடித்துவிடும், காலையில் 'முளை காணோம், அழுகிவிட்டது' என்று நினைத்துத் தோண்டுவீர்கள். தோண்டும் முன் சுற்றிலும் வெள்ளிப் பூச்சுபோலக் காய்ந்த தடம் இருக்கிறதா பாருங்கள். ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு டார்ச் அடித்துப் பொறுக்குவதைப்போலப் பலனுள்ள வழி வேறில்லை. ஈரச் சாக்குக்கு அடியில் பப்பாளி இலை, கோஸ் இலை வைத்தால் காலையில் அங்கே குவிந்திருக்கும். வெறும் கையால் எடுக்காதீர்கள். உப்புத் தண்ணீர் வாளியில் போட்டால் சாகும். அந்த வாளியைப் பாத்திப் பக்கம் கவிழ்க்கவே கூடாது. குருத்து முழம் உயரம் வந்துவிட்டால் ஆபத்து பெரும்பாலும் தாண்டிவிட்டது.

கூம்பு வந்த பிறகு அதில் எறும்பு மொய்க்கும். கூம்பின் மடல்களில் தேன் கசியும் இடம் உண்டு, அதற்காக வருபவை. செடியைக் கடிக்காது, மருந்து அடிக்காதீர்கள்.

வளவுக்காரி

மருந்து அடிச்சால் பூவுக்கு வாற கருவண்டும் போயிடும். அந்தப் பெரிய பூவுக்குள்ள அது புகுந்து வெளிவாறதைப் பாக்கத்தானே வைக்கிறது.

குலசேகரம் வாய்க்கால்

அக்கா சொன்னது சரி. ஒரு கூம்பில் ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு பூதான் விரியும், ஒரு நாளில் வாடிவிடும், மறுநாள் அடுத்த மடலிலிருந்து இன்னொன்று. வாரக்கணக்கில் இப்படியே போகும். வெள்ளைப் பூ வாடியதும் முடிந்தது என்று கூம்பை நறுக்கிவிடாதீர்கள். பூ நின்ற பின்னும் கூம்பு சிவப்பாகவே நிற்கும், அதற்குள் கருப்பு விதையுள்ள சிவந்த காய் முற்றும்.

ஒரு தண்டு ஒரே முறைதான் பூக்கும். காய் முற்றி இலை மஞ்சளானதும் தரைக்கு இரண்டு அங்குலம் மேலே வெட்டி, அக்கா சொன்னபடி துண்டு போடுங்கள். அடுத்த வருஷப் பூ கிழங்கின் பக்கக் கண்ணிலிருந்து வரும் புதுத் தண்டில்தான்.

இனி எல்லாரும் தவறும் இடம். மார்கழிக் கடைசியில் இலை மஞ்சளாகும், தண்டு காயும். செடி சாகவில்லை, உறங்கப் போகிறது. இங்கே பயந்துபோய்த் தண்ணீரைக் கூட்டினால், இலையில்லாத கிழங்கு அதைக் குடிக்க முடியாமல் நீங்கள் பங்குனியில் நட்டதில் பார்த்த அதே கூழ். தையும் மாசியும் பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டு மூன்று லிட்டர், பாத்தி புழுதியாகாமல் இருக்க மட்டும். அந்த இரண்டு மாசம் ஏசி போட்டால் ஓஸைப் பாத்தியிலிருந்து விலக்கிவிடுங்கள். சித்திரையில் முளை தெரிந்ததும் திரும்ப மாட்டலாம். சந்தில் காற்றோட்டம் குறைவு, ஈரம் நின்றால் சில செடி உறங்காமலே பச்சையாக நிற்கும். அப்படி நின்றால் நிற்கட்டும், வலுக்கட்டாயமாகக் காயப்போட வேண்டாம்.

வல்லாரை வேண்டாம் என்றது இதற்காகத்தான். இது உறங்கும் நேரத்தில் வல்லாரைக்குத் தண்ணீர் கேட்கும். நீங்கள் அதற்கு ஊற்றுவீர்கள், கிழங்கு அழுகும். வல்லாரை ஆசை இருந்தால் இரண்டாவது ஏசி சொட்டும் இடத்தில் தனித் தொட்டியில் வையுங்கள், செழித்து வரும்.

மூன்றாம் வருஷம் பாத்தி நெருக்கும். நடுவில் பழைய கிழங்கு வெறுமையாகி, ஓரத்தில் மட்டும் தண்டு வந்தால் பிரிக்கும் நேரம். சித்திரையில், முளை கடுகளவு தெரியும்போது, மண் கிளறும் பெரிய முள்கரண்டியால் முழுத் திரளையும் தூக்கி, ஓரக் கிழங்குகளை மட்டும் வெட்டி நடுங்கள். நடுக்கட்டையைத் தூக்கி எறிய மனசு வராது, எறிந்துவிடுங்கள். அதிகமான கிழங்கை யாருக்காவது கொடுங்கள், ஆனால் ஹவாய் மாதிரி இது இயற்கையாக இல்லாத தீவுகளில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குப் பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டாம். அங்கெல்லாம் களையாகப் பரவியிருக்கிறது.

அழுகிய கிழங்குக்குப் பதிலாகக் காட்டில் தோண்டிக்கொண்டு வரும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், காப்புக்காட்டில் அது குற்றம். எங்கள் பக்கம் தோட்ட வேலி ஓரத்தில் நிற்பதை உரிமையாளரிடம் கேட்டால் ஒரு தண்டு வெட்டித் தருவார்கள். ஒரு தண்டில் ஏழெட்டுத் துண்டு வரும்.

சேலையூர் நிழல்

நாளைக்குக் குழி வெட்டுகிறேன். சுவரோர ஒரு அடி மண் மொத்தமும் வெளியே, அதற்குப் பதில் செம்மண். ஒரு சந்தேகம் மட்டும்: செங்கல்லைச் சிமென்ட் இல்லாமல் அடுக்கினால் ஐப்பசியில் சரியாதா?

குலசேகரம் வாய்க்கால்

இரண்டு வரிசைதானே, சரியாது. கீழ் வரிசையைப் பாதி மண்ணுக்குள் இறக்கி, மேல் வரிசையை இணைப்பு மாறி அடுக்குங்கள். சிமென்ட் பூசினால் நடைபாதைப் பக்கம் தண்ணீர் கசிந்து வெளியேற வழி இல்லாமல் போகும், மழைக்காலத்தில் அந்த இடுக்குதான் பாத்தியைக் காப்பாற்றும்.